அப்பா இறந்த நேரம்

என் முதுகலை ஆய்வு நேரத்தைப் பற்றியது. குவாண்டம் இயற்பியலில் ஒரு துகளின் இடத்தை அளக்கலாம். நேரத்தை அப்படி அளப்பதில்லை, வெளியே ஓடும் கடிகாரத்திலிருந்து எடுத்து எழுதிக்கொள்கிறோம். சார்பியலோ இரண்டையும் சமமாக வைக்கச் சொல்கிறது. நேரத்தையும் அளக்கக்கூடியதாக்கினால் ஆற்றலுக்கு அடிமட்டமே இல்லாமல் போகும் என்பது பழைய ஆட்சேபம். சார்பியல் சமன்பாட்டில் எதிர்மறை ஆற்றலும் வருவதால் அங்கே ஒரு சிறு வழி திறக்கிறது. புஞ்சாக் ஆலாமில் உள்ள பல்கலைக்கழகத்தில் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அழைத்தார். அப்பா இறந்துவிட்டார்.

எங்கள் வீடு செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறது. அம்மா கோலா சிலாங்கூர் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது அப்பா கட்டிலில் மூச்சில்லாமல் கிடந்தார். வந்து பார்த்த டாக்டர், "காலையில்" என்று மட்டும் சொன்னார்.

பூசாரிக்கு அது போதவில்லை. பஞ்சாங்கத்தை விரித்தார்.

"பத்து மணிக்கு முன்னாடின்னா திருவோணம், ஒன்னுமில்லம்மா. அப்புறம்னா அவிட்டம். ஆறு மாசம் வீட்ட அடைக்கணும்."

அவிட்டத்தில் உயிர் போன வீட்டில் யாரும் புழங்கக்கூடாது என்பது வழக்கம். ஆனால் வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. காலியாகக் கிடந்தால் ஆபீஸ் வேறு தொழிலாளிக்குக் கொடுத்துவிடும். அம்மாவுக்குப் போக வேறு இடமில்லை. என்னுடையது நால்வர் தங்கும் விடுதி அறை.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நேரத்தப் பத்தித்தானே பெரிய படிப்பு படிக்கிற? ஒங்கப்பன் போன நேரம் தெரியலயா?"

தெரிந்ததை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ஒன்று, அம்மா கிளம்பும்போது உயிரோடு இருந்தார். இரண்டு, திரும்பும்போது இல்லை. இடையில் எதையும் யாரும் பார்க்கவில்லை.

"தெரியாது பெரியப்பா."

"நான் ஒம்பதரைக்குப் போன் போட்டேன்," என்றார் அம்மா. "எடுக்கல. எப்பவும் ஒரே ரிங்ல எடுப்பாரு."

"அப்பவே போயிட்டான்லா," என்றார் பெரியப்பா. பூசாரி பஞ்சாங்கத்தை மூடினார்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா சொன்னார்: "பதினொன்னுக்கு மேலதான் போட்டேன். எடுத்தாரு. மீனு வேணாம், நீ வெள்ளன வான்னாரு. பஸ்ஸு வரல."

நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

வீடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், அவர் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்பார்கள்.

"ஒன்னும் பேசலங்க," என்கிறார் அம்மா.