மூங்கிலுக்குள் இருந்த பல்லி

என் மாமாவின் கல்யாணத்தை முடித்துவைத்தது ஒரு பல்லி என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

மாமா அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிறவர். கடலூரிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார், தேயிலையோடு இறங்குவார். நான் மூன்றாவது படிக்கும்போது, அப்பாவுக்குத் தூண்டில் கம்பு செய்யலாம் என்று பச்சை மூங்கில் ஒன்றைக் கொண்டுவந்து திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக் கூடத்தில் தெற்குச் சுவரில் சாத்திவைத்தார். சாயங்காலம் அதற்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். மாமாவும் நானும் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். கணுவுக்கு மேலே சின்னக் கீறல், உள்ளே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பச்சைத் தவளை. மழை பெய்தால் மலையே இந்தச் சத்தமாகத்தான் இருக்கும் என்றார் மாமா. எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசையாகிவிட்டது.

அப்போது வீட்டில் சிதம்பரத்துப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. பேங்கில் வேலை பார்க்கிற பெண் லாரிக்காரனை மதிப்பாளா என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தவளை குரல் கொடுத்தது. அம்மா சட்டென்று விரலால் தரையைத் தட்டினாள்.

"பல்லி சொல்லுது. ஆனா தெக்கால சொல்லுதே" என்று முகம் வாடினாள். தெற்கே சொன்னால் ஆகாது, கிழக்கே சொன்னால் நல்லது என்பது அவள் கணக்கு.

மறுநாள் மாமா மூங்கிலைத் தூக்கிக் கிழக்குச் சுவரில் சாத்தினார். அந்தப் பக்கம் தவளைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் போல என்று நினைத்து நானும் தண்ணீர் தெளித்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி பேச்சு எழுந்தது. தவளையும் பேசியது. அம்மா எழுந்துபோய் சிதம்பரத்துக்குப் போன் போட்டாள்.

அடுத்த லோடுக்குக் கிளம்பும்போது மாமா மூங்கிலை ஈரச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றினார். தூண்டில் கம்பு போகிறதே என்று அப்பா முறைத்தார். நான் தரையில் புரண்டு அழுதேன். மாமா என்னைத் தூக்கி, அம்மாவுக்குக் கேட்காமல் காதோரம் சொன்னார்.

"அழாத பாப்பா. எனக்குப் பேசி முடிச்சிடுச்சி. அதுக்கும் பாக்கணும்ல."

எதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. மலைக்காட்டு மூங்கிலை விட்டால் வேறெங்கும் காணக் கிடைக்காத அரிய இனம் அது என்றும், அதில் ஆண்தான் அப்படிக் குரல் கொடுக்கும், பெண்ணைத் தேடித்தான் கொடுக்கும் என்றும் பல வருடம் கழித்துப் படித்தேன். பாவம், கடல் காற்றடிக்கிற எங்கள் கூடத்தில் அது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. வந்தது அத்தை மட்டும்தான்.