உக்குவளையில் வாங்கிய சின்னக் கார்டு

மாத்தளை நகரில், வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கணினியில் கட்டட வரைபடங்கள் வரைவது என் தொழில். பெரும்பாலும் வீடுகளும் கடைகளும்தான். தட்டையான கோட்டுப் படங்கள் என்பதால் என் பழைய கணினி ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. போன வருடம் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி, குளிர் களஞ்சியம் கட்ட வேண்டும் என்று வந்தார். இரும்புத் தூண்கள், இரும்புக் கூரை, லொறிகள் உள்ளே வந்து சரக்கு இறக்க ஒரு தளம். தாளில் காட்டினால் தனக்கு எதுவும் விளங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கட்டடத்தை முழு உருவமாக வரைந்து, திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும் என்றார்.

பாதிக் கட்டடம் எழும்பியபோதே கணினி திணறத் தொடங்கியது. மவுஸை இழுத்தால் கட்டடம் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு திடீரென்று தாவி, நான் கேட்காத ஒரு பக்கத்தைக் காட்டும். முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கூத்தைக் காட்ட முடியாது. இணையத்தில் தேடினேன். பார்த்த வீடியோக்களில் எல்லாம் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடு என்றுதான் சொன்னார்கள். மூன்று விசிறி வைத்த ஒரு கார்டை மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். உக்குவளையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அக்காவின் கணினிக் கடையில் அது இருப்பதாகக் கேள்விப்பட்டு போன் எடுத்தேன்.

"இருக்கு. என்னத்துக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பில்டிங் பிளான் வரையிறதுக்கு."

"அப்ப கம்பியூட்டரையும் தூக்கிக்கிட்டு வாங்க தங்கச்சி. அதைப் பார்க்காம நான் கார்டு குடுக்கிறதில்ல."

காசை நீட்டினால் பொருளைத் தர வேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கணினியைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். டீவியா என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். கணினி என்றதும், குலுங்காத இடத்தில் இருங்கள் என்று என்னை முன் சீட்டுக்கு மாற்றிவிட்டார்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, அதற்கு மேல் நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. கார்டின் பெயரை எழுதி நான் நீட்டிய துண்டுச் சீட்டை அவர் பார்க்கவே இல்லை. "உங்களை ஆகக் கூட வதைக்கிற பைலைத் திறங்க. வழமையா வேலை செய்யிற மாதிரியே செய்ங்க" என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கட்டடத்தைத் திருப்பினேன், பெரிதாக்கினேன், ஒரு தூணைப் பிடித்து நகர்த்தினேன். அவர் திரையைப் பார்த்ததைவிட என் கையைத்தான் அதிகம் பார்த்தார்.

பிறகு கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே அளவு நாடா வைத்துப் பார்த்தார். "நீங்க கேட்ட கார்டு இதுக்குள்ள நுழையாது. பவர் சப்ளையும் தாங்காது."

அதுதான் வேண்டும் என்று நான் விடவில்லை. அவர் வாதாடவும் இல்லை. அந்தப் பெரிய கார்டைத் தன் மேசைக் கணினியில் பூட்டி, என் பைலை அதில் ஏற்றினார். கட்டடம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரிச் சுழன்றது. "பார்த்தீங்களா அக்கா!" என்றேன்.

"நல்லாத்தான் சுத்துது. இப்ப நிறத்தை எடுத்துட்டு வெறுங்கோடா வச்சுப் பாருங்க."

வைத்தேன். அவர் பென்சில் முனையால் திரையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். இரண்டு இரும்புத் தகடுகள் சந்திக்கும் இடத்தில் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, ஒரு குறுக்குச் சட்டத்தின் விளிம்பு பாதியில் காணாமல் போயிருந்தது. காட்டியிராவிட்டால் நான் கவனித்திருக்க மாட்டேன்.

"இது கேம் விளையாடச் செஞ்ச கார்டு. உங்க சொப்ட்வெயாரோட வச்சுச் சரிபார்த்த டிரைவர் புரோகிராம் இதுக்கு இல்ல. விளையாடுறவங்களுக்கு இந்தக் கோடு பெரிசில்ல. நீங்க இந்தக் கோட்டைப் பிடிச்சுத்தானே அளவு எடுக்கிறீங்க?"

நான் துண்டுச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. கார்டின் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். "ஒரு கூல் ரூமுக்கு ஏன் இவ்வளவு தின்னுது?" என்று தனக்குத்தானே கேட்டபடி படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஒரு போல்ட் திரை முழுவதும் நிறைந்தது. அதன் திருகு மரைகள் ஒவ்வொன்றும் சுற்றுச் சுற்றாகத் தெரிந்தன. இணையத்திலிருந்து ஆயத்தமாக எடுத்த போல்ட்டை நான் கட்டடம் முழுவதும் நூற்றுக்கணக்கில் பதித்திருந்தேன்.

"முதலாளி மரை எண்ணிப் பார்ப்பாரா தங்கச்சி?"

வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, மரை இல்லாத வெறும் உருளையாக எல்லா போல்ட்டையும் மாற்றினேன். அவர் எனக்கு ஒரு பிளேன் டீ வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். நான் முடித்ததும் அவர் செய்த காரியத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். புதிதாக எதையும் எடுக்காமல், திருத்திய பைலை என் கணினியில், என் பழைய கார்டிலேயே போட்டார். "இதிலயே ஓடினா நீங்க ஒண்ணும் எடுக்க வேணாம்" என்றார்.

எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் நிறமும் நிழலும் சேர்த்தால் இன்னும் தடக்கியது. அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளேபோய் ஒரு சின்னக் கார்டை எடுத்துவந்தார். ஒரே விசிறி, என் கையளவு நீளம். மூடிப்போன ஒரு வரைபட அலுவலகத்திலிருந்து வந்த, வரைகிறவர்களுக்கென்றே செய்த கார்டாம். அளவாகப் பொருந்தியது. தனி மின் வயரும் கேட்கவில்லை. கட்டடம் பெரிய கார்டில் சுழன்ற வேகத்தில் சுழலவில்லை. ஆனால் தடங்கல் இல்லாமல் போனது. வெறுங்கோட்டில் வைத்துப் பார்த்தோம். ஒரு கோடும் அசையவில்லை.

"உங்களுக்கும் வரையத் தெரியுமா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு கோடு போடத் தெரியாது. வரையிறவங்க பின்னால நின்னு நின்னு பார்த்ததுதான். கை எங்க நிக்குதுன்னு பார்த்தா, கம்பியூட்டர் எங்க முட்டுதுன்னு தெரிஞ்சிரும்."

அடுத்த வாரம் முதலாளி வீட்டுக்கு வந்தார். நான் காட்டத் தொடங்கியதும் மவுஸைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். லொறி வரும் வழியால் மெதுவாக உள்ளே போனார், பின்வாங்கினார், மறுபடியும் போனார். வாசலுக்கு மேலே இருந்த உத்தரத்துக்கு நேரே நிறுத்திவிட்டு, முட்டைக்கோவா மூட்டைகளைப் பின் கூண்டுக்கு மேலும் அடுக்கித்தான் லொறி வரும், இங்கே முட்டும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் வெறும் லொறியின் உயரத்தைத்தான் கணக்கில் எடுத்திருந்தேன். அவர் கண் முன்னாலேயே உத்தரத்தை உயர்த்தினேன். படம் ஒரு இடத்திலும் உறையவில்லை.

அன்றைக்கே அக்காவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு, உத்தரத்தை உயர்த்தும்போது மெமரி எவ்வளவு ஏறியது என்று கேட்டார். அதை நான் பார்த்திருக்கவில்லை. அடுத்த முறை பார்த்துச் சொல்லுங்க என்றார்.

களஞ்சியம் இப்போது தம்புள்ளையில் இயங்குகிறது. அதே கார்டில்தான் இந்த மாதம் நாவுல ஊர்க்காரர் ஒருவருக்கு நெல் களஞ்சியம் வரைகிறேன். போல்ட்டுகளை வெறும் உருளையாகவே பதிக்கிறேன்.