சீரியல் செட்டும் பேஸ் கிடாரும்

எங்கள் அப்பா மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார். அதற்காக அவரை யாரும் பாராட்டியதில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தனியாகக் கேட்காது. அம்மா வீட்டாருக்கு இது வசதியாகப் போயிற்று. வீட்டை எதிர்த்து அம்மா அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, 'கச்சேரிக்காரன்' என்ற ஒரே வார்த்தையில் அவரை முடித்துவிடுவார்கள்.

பெரிய மாமா மகளின் வரவேற்புக்கு அப்பாவின் குழுவையே வைக்கும்படி அம்மா தன் அண்ணனிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள். வேங்கிக்கால் பக்கம் மண்டபம். எனக்கு ஒன்பது வயது. அப்பா சொதப்பினால் அம்மா ஆயுசுக்கும் பேச்சு கேட்கவேண்டும் என்பது எனக்கே புரிந்திருந்தது.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் 'டப்' என்றது. சற்று நேரத்தில் மறுபடி 'டப்'. பாட்டு ஆரம்பித்த பிறகும் நிற்கவில்லை. முன்வரிசையில் சிரித்தார்கள்.

"இன்னா மாப்ள, பொட்டிக்கு விக்கலா?" என்றார் பெரிய மாமா.

அப்பா கிடார் வயரைப் பிடுங்கினார். 'டப்.' அப்படியானால் தப்பு கிடாரில் இல்லை, வயரிலும் இல்லை. வால்யூமை அடியோடு குறைத்தார். 'டப்.' பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்கே காலால் தாளம் போட்டார். எனக்கு மானம் போனது. ஆனால் கண்ணைத் திறந்தவர் மணமேடையைப் பார்த்தார். அங்கே சீரியல் பல்புகள் அதே தாளத்தில் அணைந்து அணைந்து எரிந்தன.

பெரிய மாமா ஆசையாகச் சென்னையிலிருந்து வாங்கிவந்த பல்புகள் அவை. பிளக் இல்லாத அந்த வயரை, ஆம்ப்ளிஃபயர் செருகியிருந்த போர்டிலேயே இரண்டு தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். வேறு போர்டுக்கு வயர் எட்டாது. கண்டுபிடித்துவிட்ட அப்பாவுக்கு அதை மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் வந்த அம்மாவிடம் மட்டும், "லைட்டாலதான். வுடு, சமாளிச்சிக்கிறேன்" என்றார்.

அம்மா விடவில்லை. பட்டுப்புடவையோடு போர்டின் முன் குனிந்து, பல்புகளின் சுவிட்சை அணைத்து, தீக்குச்சிகளைப் பிடுங்கிப் போட்டாள். மணமேடை மங்கியது.

"லைட்டு அப்புறம் எரியட்டும்ணா. அவர் வாசிக்கட்டும்" என்றாள்.

மாமா பந்தியைக் கவனிக்கப் போனார். அப்பா வாசித்தார். என் இரும்பு நாற்காலி அதிர்ந்தது. அது அப்பாவின் சத்தம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடத்திலும் அப்பா புராணம்தான். காலால் தட்டியே ரிப்பேர் பார்த்தவர் ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று மண்டபத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து ஊதிவிட்டேன். சுவிட்சை அணைத்துவிட்டால் ஷாக் அடிக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது.