ரங்கூன் மல்லி என்ன நிறம்?

பண்டமாரானில் எங்கள் வீட்டு வேலி முழுவதும் ரங்கூன் மல்லிக் கொடி படர்ந்திருந்தது. அந்திசாயும் நேரத்தில் வெள்ளையாக மலரும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கும் அடுத்த நாள் இரத்தச் சிவப்பாகிவிடும். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, அறிவியல் பாடத்துக்காக அதை வரைந்துகொண்டிருந்தேன். துறைமுகக் கிடங்கில் வேலை முடிந்து வந்த அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பூவெல்லாம் கொட்டிப் போச்சே. எதப் பாத்து வரையிற?"

"கொட்டலப்பா. எவ்ளோ செவப்பா இருக்கு, பாருங்க!"

ஒரு கொத்தை இழுத்து அவர் கையில் வைத்தேன். முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "ஆமா லா," என்றார் மெதுவாக. "பூத்த மறுநாளே கொட்டிடும்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

பூக்களுக்கு ஏன் பல நிறங்கள் என்று ஆசிரியையைக் கேட்டபோது, அவை பூச்சிகளையும் பறவைகளையும் அழைப்பதற்காக என்றார். இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிக்கு வெள்ளை தெரியும். பகலில் வரும் பட்டாம்பூச்சிக்குச் சிவப்பு. சாப்பிடும்போது இதை அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ ஒருத்தர் கண்ணுக்குத் தெரியற பூ இன்னொருத்தருக்குத் தெரியாமப் போகுமா?" ஆசிரியை அதைச் சொல்லித்தரவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை அப்பாவைத் தேடி வந்தது. பயிற்சிக்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை, அவ்வளவுதான். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். உயரம் என்றால் பயமாம். மழைக்காலத்தில் கூரை ஏறித் தகரம் மாற்றுகிறவர் அவர்தான். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வீடு தேடி வர்ற வேலைய வேணாம்னு சொல்ற ஆள நான் எங்கயும் பாத்ததில்ல," என்று அன்று தொடங்கிய ஏச்சு, அவர் கிடங்கிலேயே ஓய்வு பெறும்வரை ஓயவில்லை. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்னேறத் துணிச்சல் இல்லாத மனிதர் என்று நானும்தான் நினைத்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் இறந்தபோதும் அந்த எண்ணம் என்னிடம் இருந்தது.

போன மாதம் என் மகனைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். புல்லுக்கும் மண்ணுக்கும் ஒரே வண்ணம் தீட்டுகிறான் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்றைக் காட்டினார். எனக்குப் பளிச்சென்று தெரிந்த எண் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

"பயப்பட ஒண்ணுமில்லங்க. சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்கறது இவனுக்குக் கஷ்டம். பெரும்பாலும் தாத்தாகிட்டருந்து அம்மா வழியா பேரனுக்கு வர்றது. உங்க அப்பாவுக்கு இப்படி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பூங்கொத்தை முகத்தருகே வைத்துப் பார்த்த அப்பா நினைவுக்கு வந்தார்.

சாலாக் செலாத்தானில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்புப் பூ அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் கொட்டிவிட்டது என்றார். கிரேன் வேலைக்கான பரிசோதனையில் நிறம் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்; அதற்குப் பயந்துதான் வேண்டாம் என்றிருப்பார். ஆனால் தன் கண் இப்படி என்பது அவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் எங்களிடம் ஏன் மறைத்தார்? தெரியாதென்றால், அதை அவருக்கு முதலில் காட்டிக்கொடுத்தது நானா? அந்தக் கொத்தை நான் கையில் வைக்காமல் இருந்திருந்தால், எதுவும் அறியாமல் பரிசோதனைக்குப் போய், முடியாது என்ற பதிலோடு திரும்பியிருப்பார். அம்மாவும் ஏசியிருக்க மாட்டார். இல்லை, அது இன்னும் பெரிய அவமானமாக இருந்திருக்குமோ?

என்னோடு இருக்கும் அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏசியிருப்பேனா?"

யாரிடம் கேட்கிறார் என்று தெரியாமல் நின்றேன். எழுந்து உள்ளே போனவர், தன் கல்யாணக் கூறைச் சேலையோடு வந்தார். அரக்குச் சிவப்பில் சரிகைக் கரை போட்டது.

"மண்டபத்துல வந்தவங்க எல்லாம் செவப்பு ஒனக்கு எடுப்பா இருக்குன்னாங்க. ஒங்கப்பா மட்டும் வாயே தொறக்கல. எனக்கு அது ரொம்ப நாள் கொறையா இருந்திச்சு."

பிறகு பேரனைக் கூப்பிட்டார். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எதிரில் நின்றார்.

"ஐயா, பாட்டி கட்டுன சேல. என்னா கலர் சொல்லு?"

அவன் தயங்கி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"பிரவுன்தானே பாட்டி?" என்றான். பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தில், அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: "ஆனா உங்களுக்கு அழகா இருக்கு."

அம்மா சிரித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை மடிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.