வெறும் கல்லில் ஆக்டோபஸ்

என் சித்தப்பா தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை வாயை மூடியதில்லை. உள்ளே போனால் கை பேசும். தீவுக்கு வரும் பயணிகளின் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கடலுக்கு அடியில் கூட்டிப்போய், ஆமை, மீன், பவளப்பாறை என்று சுற்றிக் காட்டுவது அவர் வேலை. எதையாவது கண்டால் இரும்புக் குச்சியால் தன் சிலிண்டரை 'டங் டங்' என்று தட்டுவார். எல்லோரும் திரும்புவார்கள். ஆக்டோபஸ் என்றால் கையைக் கவிழ்த்து விரல்களை நெளிப்பார். பார்த்துவிட்டோம் என்று சொல்ல நாம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்ட வேண்டும்.

படிப்பை முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, சித்தப்பா வீட்டில் காத்திருந்த நாட்களில் நானும் அந்தப் படகில் போனேன். ஈர உடைகளை அலசிக் காயப்போடுவது என் பொறுப்பு. இடம் இருந்தால் கடலுக்குள்ளும் கூட்டிப்போவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் அவர் வாயில் என் பெயரே வராது. "ஏய் பட்டதாரி!"தான்.

ஒருநாள் ஒரு பாறையைக் காட்டி விரல்களை நெளித்தார். பார்த்தேன். பாறை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தேன். அப்போதும் பாறை. என்னுடன் வந்த பயணிகள் எல்லோரும் கண்ணை விரித்துக்கொண்டு வட்டம் காட்டினார்கள். நானும் காட்டினேன். படகில் ஏறியதும் ஒருவர் "எவ்ளோ பெருசு!" என்றார். இன்னொருவர், "அது நிறம் மாத்திச்சே, கவனிச்சீங்களா?" என்றார். வகுப்பில் எல்லோரும் தலையாட்டும்போது சேர்ந்து தலையாட்டியே பட்டம் வாங்கியவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் அவர்கள் நிஜமாகவே பார்த்தார்களா, இல்லை என்னைப் போலத்தானா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர்களில் ஒருவர் படம் எடுத்திருந்தார். ஊருக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் கல். புகார் பறந்து வந்தது. படகின் சொந்தக்காரி சித்தப்பாவைவிட இளையவர். படகை ஓட்டுவதும் அவர்தான். சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது முதல் தடவை இல்ல. இன்னும் யாராவது குறை சொன்னா படகுல இடம் கிடையாது. காத்து நிரப்புற கொட்டகையிலதான் உங்களுக்கு வேலை."

கொட்டகையில் நாள் முழுக்க இயந்திரம் அலறும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. பேசாமல் இருக்கத் தெரியாத மனிதருக்கு அது வேலையில்லை, வாய்ப்பூட்டு.

சித்திக்கு வேறு கவலை. "அங்க பேச முடியாததையும் மிச்சம் வெச்சு வீட்டுக்கு வந்து கொட்டுவாரே! என் கதி என்ன ஆகும்?"

கோளாறு எங்கே என்று சித்திக்குத் தெரியும். தூரத்தில் போகும் ஆமை சித்தப்பா கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாது. மருந்துச் சீட்டைக் கையால் தூரத் தள்ளி, தலையையும் பின்னுக்கு இழுத்துத்தான் படிப்பார். "கண்ணாடி போடுங்கன்னு சொன்னா, 'எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?'ன்னு சண்டைக்கு வர்றார்" என்றாள் சித்தி. ஆகவே கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும் ஆக்டோபஸை அவர் பார்த்துக் காட்டவில்லை. போன வருஷம் அது இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தையல்கடைக்கார அம்மா வந்தார். எதை எடுத்தாலும் இரண்டாக எடுத்துவரும் ரகம். இரண்டு துண்டு, இரண்டு தொப்பி, கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய பவர் கண்ணாடி பொருத்திய நீச்சல் மாஸ்க்கும் இரண்டு.

கடலுக்குள் சித்தப்பா வழக்கமான பாறையில் தட்டினார், நெளித்தார். மற்றவர்கள் வட்டம் காட்டினார்கள். தையல்கார அம்மா மூக்கு உரசும் அளவுக்குப் பாறையிடம் போனார். திரும்பி, விரலை ஆட்டினார். இல்லை. சித்தப்பா மறுபடி காட்டினார். மறுபடி இல்லை. சித்தப்பாவின் மூச்சுக் குமிழிகள் குபுகுபுவென்று மேலே ஓடின.

அந்த அம்மா கொஞ்சதூரம் நீந்தி, ஒரு கல்லின் முன் நின்று, அவரைப் போலவே விரல்களை நெளித்தார். சித்தப்பா பாய்ந்து போனார். பார்த்த மாத்திரத்தில் வட்டம். அதோடு விட்டாரா? இரண்டு கையையும் அகல விரித்து அதன் நீளத்தையும் காட்டினார்.

படகில் ஏறியதும் அந்த அம்மா துவட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நான் காட்டினேனே, எப்படி?"

"அடேயப்பா! அப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்லம்மா."

"என்ன நிறம்?"

"பழுப்பு. ஓரத்துல வெள்ளைப் புள்ளி. அது பொண்ணு."

"அதுவும் தெரிஞ்சுதா?"

"தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியாதா?"

"நான் காட்டினது வெறும் கல்லு, தம்பி."

வட்டம் காட்டியவர்கள் தங்கள் துண்டை மடிப்பதில் மும்முரமானார்கள். சித்தப்பா உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"அண்ணே..." என்றார் படகுக்காரி. அந்த ஒரு சொல்லிலேயே கொட்டகை தெரிந்தது.

"நான் குறை சொல்லலம்மா" என்று தையல்கார அம்மா இடைமறித்தார். "கிட்ட இருக்கறது இவருக்குத் தெரியல, அவ்வளவுதான். என் கடைக்கும் இப்படி ஆளுங்க வருவாங்க. சட்டையில பித்தான் இல்லாதது தெரியாது, நான் தைச்சது கோணல்னு மட்டும் சொல்லுவாங்க." இரண்டாவது மாஸ்க்கை நீட்டினார். "இந்தாங்க, போடுங்க."

"எனக்கெதுக்கும்மா? என் கண்ணு கழுகு மாதிரி."

"கழுகு மேல இருந்து பார்க்கட்டும். நீங்க கீழ இல்ல இறங்குறீங்க?"

"போட்டுக்கிட்டு இறங்குங்கண்ணே" என்றார் படகுக்காரி. "இல்லன்னா கொட்டகை."

போட்டுக்கொண்டு இறங்கினார். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம். 'டங் டங்' வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. ஒரே பாறையில் முகத்தைப் பதித்துக்கொண்டு கிடந்தார். பவளக் கிளைக்குள் நகத்தளவு நண்டு. குடல் தெரியும் கண்ணாடி இறால். நீலமாக ஒரு குட்டி நத்தை. குச்சி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஒரு பொந்தைக் காட்டினார். பார்த்தேன். பாறை. அந்தப் பாறை மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஓரத்தில் ஒரு கை சுருண்டு உள்ளே போனது. நான் வட்டம் காட்ட மறந்துபோனேன்.

மேலே வந்ததும் சித்தப்பா பேசவே இல்லை. படகுக்காரி பயந்துபோனார். "அண்ணே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இத்தனை பேர் இங்கயே குடியிருந்திருக்காங்க" என்றார் சித்தப்பா. "ஒரு வார்த்தை விசாரிக்காமலே தினம் தாண்டிப் போயிருக்கேன்."

படகுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, நாளைக்கும் படகுக்கு வாங்க. ஆனா அந்த மாஸ்க் மூஞ்சியில இருக்கணும். கரைக்கும் ஒரு கண்ணாடி வாங்குங்க."

வாங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைச் சுவரைப் பார்த்து, "இவ்ளோ எண்ணெய்ப் பிசுக்கா?" என்றார். சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுத்து அவள் தலையைப் பார்த்தார். "உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?"

சித்தி அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, கைகழுவும் இடத்துக் கண்ணாடியின் முன் நிறுத்தினாள். அவர் குனிந்தார். பார்த்தார். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏய், இது எங்கப்பாதானே?"

"அவரேதான்" என்றாள் சித்தி. "ரொம்ப நாளா இங்கதான் இருக்கார். அவரையும் சாப்பிடக் கூப்பிடுங்க."