பின் மாற்றக் கொடுத்த கையேடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் ரப்பர். பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்கள் நடுவில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை. தாவிக் குதித்து ஓடும் அந்தக் கால கேம் கேசட்டுகளோடு ஒரு சின்னக் கையேடு வருமே, அதில் பிள்ளைகள் கிறுக்கியதையெல்லாம் தாள் நோகாமல் அழித்துவிடுவார். கிறுக்கல் இருந்தால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

"என்னையும் ஒரு தடவை தேய்ச்சு விடுங்களேன், பத்து வயசு குறையட்டும்" என்பாள் மனைவி.

"உனக்கு ரப்பர் பத்தாது, உப்புத்தாள்தான் வேணும்."

அழிப்பதற்கு முன் கிறுக்கலை ஒருமுறை படித்துவிடுவார். மறைவான கதவு, யாரும் கண்டுபிடிக்காத குறுக்குவழி என்று ஏதாவது இருந்தால் அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். அப்படிப் பதினோரு நோட்டு.

கண்ணாடி மாற்ற வந்த ஆசிரியை ஒருத்தி, பேச்சுவாக்கில் இதைக் கேள்விப்பட்டு மறுநாளே ஒரு கையேட்டோடு வந்தாள். "எங்க அண்ணனோடது சார். பின் துருப்பிடிச்சு தாளெல்லாம் கழண்டு வருது. மாத்தித் தர முடியுமா?"

கேட்டது அவ்வளவுதான். அவர் பின்னை மாற்றினார். கையேட்டின் கடைசியில், குறிப்பெழுத விட்டிருந்த பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. கேட்காமலே செய்து கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்தார்.

அவள் வந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள்.

"இதுல எழுதியிருந்ததே சார்?"

"சுத்தமா எடுத்துட்டேன்மா. எழுதின தடமே தெரியாது."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் எனக்காக எழுதினது அது. அவன் டியூஷன் போயிட்டா நான் தனியா ஆடுவேன், அப்பப் பார்த்துக்கன்னு எழுதி வச்சான். அஞ்சு மாசம் ஆச்சு அவன் தவறிப் போய். படிக்கணும்னு எடுப்பேன், தாள் கைல வந்துடுமோன்னு பயந்து வச்சுடுவேன். பின் போட்டதும் படிக்கலாம்னு..."

அவர் கை தானாக நோட்டைத் தேடியது. திறந்து படித்தார். "நாலாவது லெவல், அருவிக்குப் பின்னால் கதவு. ஆறாவதில் தவளை மேல் மூன்று முறை குதித்தால் ஓர் உயிர் கூடும்."

"அதெல்லாம் எனக்கே தெரியும் சார். வேற என்ன எழுதியிருந்தான்?"

அவர் யோசித்தார். "பாப்பான்னு ஒரு வரி ஆரம்பிக்கும். பாப்பா, பாலம் இடியற இடத்துல நிக்காத, ஓடிட்டே இரு. செத்தா அழாத."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "அப்புறம்?" என்றாள்.

"அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு வரி இருந்துச்சும்மா."

அந்த இரண்டு வரியில் கேமைப் பற்றி ஒன்றுமில்லை. அதனால் நோட்டில் ஏறவில்லை. அவர் கண்ணை மூடிப் பார்த்தார். எழுத்து சாய்ந்திருந்தது நினைவு வந்தது, பென்சில் முனை மழுங்கியிருந்தது நினைவு வந்தது. வார்த்தை வரவில்லை.

அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மெதுவா யோசிங்க சார். நான் இருக்கேன்."