மாமா காரின் டைமிங் பெல்ட்

எட்டு வருஷம் சும்மாவே நின்ற கார் என்பதுதான் அதன் பெருமை. மாமா அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். மன்னார்குடிப் பக்கத்தில் விவசாயம். நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். அவர் ஊர் மிராசுதார் வீட்டில் அண்ணன் தம்பிகள் நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது இந்தச் சின்ன வெள்ளைக் காரும் சொத்துப் பட்டியலில் மாட்டிக்கொண்டது. தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக்கூடாதாம். எட்டு வருஷம் நெல் குடோனில் கிடந்த காரை, வழக்கு முடிந்ததும் மாமா வாங்கிவிட்டார்.

அதை எங்களுக்குக் காட்ட வந்தவர், எங்கள் தெருமுனை ஷெட்டில் ஆயில் மாற்ற விட்டார். அம்மாவும் நானும் கூடப் போனோம். மெக்கானிக் இன்ஜின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும் என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் தொட்டுப் பார்க்காமல் விடுகிற பிள்ளை இல்லை. உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன். பல்லுப் பல்லாக ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. நகத்தால் அழுத்தியபோது அதன் முதுகில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தது.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி, யார் காதில் பூ சுற்றுகிறாய் என்றார்.

“ஓடலைன்னாலும் வயசாவுதுல்லண்ணே,” என்றார் மெக்கானிக். “ஓடுற வண்டிக்குக் கிலோமீட்டரைப் பாக்கணும், நிக்கிற வண்டிக்கு வருஷத்தைப் பாக்கணும். எது முந்துதோ அப்ப மாத்திடணும்.”

எப்போது அறும் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். தெரியாது பாப்பா, சத்தமே கொடுக்காது, நன்றாக ஓடிக்கொண்டே இருந்து பட்டென்று அறும், அறுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும் என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வாரம் முழுக்க அதே நினைப்பு. இப்போது அறுந்திருக்குமோ, சாப்பிடும்போது அறுந்திருக்குமோ என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அம்மாவோ காதிலேயே வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

தாத்தா உயில் எழுதாமல் செத்துப்போனதால் அவருடைய அரை வேலி நிலத்தில், மூன்று ஏக்கர் சொச்சத்தில், அம்மாவுக்கும் பங்கு இருந்தது. அது வேண்டாம் என்று அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மொத்தமும் மாமாவுக்கு. பெண்ணுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம் அது. மாமாவும் கரைவேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்தான். ஆனால் அது மேடை, இது வீடு. பங்கு கேட்டால் பிறந்த வீடு இல்லை. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை. அப்பா, உன் அண்ணன் உன் இஷ்டம் என்று நழுவிவிட்டார்.

மன்னார்குடி ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரம் பதிகிற நாளன்று மாமா காரிலேயே எங்களை அழைத்துப்போக வந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பெல்ட் மாற்றியாயிற்றா என்று கேட்டேன். “ஒன் மாமன் என்ன கேணப்பயலா?” என்று சிரித்தார். மாற்றவில்லை என்று புரிந்துகொண்டேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட் மூடினால் சமையலே முடித்துவிடலாம். மாமா இன்ஜினை அணைத்தார். வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றோம். ஒரு கூட்ஸ் வண்டி போவதும் திரும்புவதுமாக விளையாடியது. ஒருவழியாகக் கேட் திறந்து மாமா சாவியைத் திருகினால், வழக்கமான உறுமல் இல்லாமல் விர்ரென்று ஒரு வெற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அறுந்துவிட்டது. அதுவும் என் கண் முன்னால். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். காரை ஓரம் தள்ளினோம். பின்னால் நின்ற லாரி டிரைவர் மூடியைக் கழற்றிக் காட்டினார். அறுந்த அரைஞாண் கயிறு போல் தொங்கியது பெல்ட்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்து காரைத் திட்டினார். கேஸில் கிடந்த வண்டி, விளங்குமா என்றார்.

அம்மா சட்டென்று கேட்டாள். “அந்த மிராசுதார் வீட்ல ஒரு அக்கா இருந்தாங்களே, அவங்களுக்கு என்னண்ணே கெடைச்சுது?”

“அவளுக்கென்ன,” என்றார் மாமா. “அவ கையெழுத்துப் போட்டுட்டு அப்பவே போயிட்டா. நல்ல பொண்ணு.”

சற்று நேரத்தில் மன்னார்குடி பஸ் வந்தது. மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இன்னும் நேரமிருக்கிறது, ஆபீஸ் மூடுவதற்குள் போய்விடலாம் என்றார். அம்மா நகரவில்லை.

“நான் வரலைண்ணே. எனக்கு என் பங்கு வேணும்.”

சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிற குரல் இல்லை அது. பஸ் போய்விட்டது. மாமா திறந்திருந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். கும்பகோணம் பஸ் வந்தபோது எங்களை ஏற்றிவிடக்கூட அவர் திரும்பவில்லை. அம்மா வழியெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பயணம் கெட்ட வருத்தம் என்று நினைத்தேன். மாமாவுக்கு அந்தப் பெல்ட்டின் மேல்தான் கோபம் என்றும் நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஷெட்டுக்கு ஓடினேன். அறுந்ததை மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். மெக்கானிக் சிரித்தபடி, அரைநாள் வேலைதான் பாப்பா என்றார். வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மாமா வந்துவிடுவார், அழாதே என்று அம்மாவிடம் சொன்னேன்.